பொடி போடாத தட்டு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். அங்கே நீங்கள், அக்கா, உங்கள் மருந்துக் கடை, கடை வாசலில் இருமிக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளர்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வாடிக்கையாளர்கள் ரொம்ப நலமாகிவிட்டால் உங்கள் பாடு கஷ்டம் என்பதால் அவர்கள் மட்டும் ஓரளவு நலமாக இருக்கட்டும். இங்கே நாங்களும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். உள்ள நிலவரம் கீழே வரும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "ஆன்டிபயாடிக் மாத்திரைதான் தண்ணீரைக் கெடுக்கிறது என்று உங்கள் மகள் ஊரெல்லாம் பேசுகிறாளாமே, அப்படியானால் நான் கடையில் என்ன விற்பது, பலூனா?" என்று கேட்டிருந்தீர்கள். கோபம் நியாயமானது. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போன் இப்போது மகளுடைய அழைப்புக்காகக் கைப்பிடிச் சுவர் மேல் காத்திருக்கிறது. அதில் வேறு யாரோடும் பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆகவே மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு எதிரே நல்ல வெயிலில் ஒரு மேசை. மேசை மேல் மூன்று கண்ணாடித் தட்டுகள். மூன்றிலும் மஞ்சள் தண்ணீர். அந்த மஞ்சள் வேறொன்றுமில்லை, உங்கள் கடையில் விற்கும் அதே மருந்தைக் கரைத்ததுதான். நான் இவற்றுக்குக் காவல். காக்கை வந்தால் விரட்ட வேண்டும், கண்ணாடிக் குச்சியால் அவ்வப்போது கலக்க வேண்டும், மேகம் வந்தால் போன் செய்ய வேண்டும், மற்றபடி எதையும் தொடக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மகள் படியிறங்கும்போது சொன்னாள், பாதிப் படியில் நின்று சொன்னாள், தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தும் சொன்னாள். "ஏம்மா, முப்பது வருஷம் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தை மேய்ச்சவன்கிட்ட மூணு தட்டைப் பாத்துக்கச் சொல்றதுக்கு இவ்வளவு பேச்சா?" என்று மேலிருந்து கேட்டேன். "அதனாலதான்பா பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாம் விழுங்கும் மருந்து முழுவதையும் உடம்பு வைத்துக்கொள்வதில்லையாம். வேண்டியது போக மிச்சம் வெளியே வந்து, சாக்கடையில் இறங்கி, கால்வாயில் கலந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிச் சாக்கடை என்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் இருக்கும் கிருமிகள் தினம் ஒரு வாய் மருந்து குடித்துக் குடித்து அதற்குப் பழகிக்கொள்கின்றன. பிறகு நமக்கு நோய் வந்து அதே மருந்தைக் கொடுத்தால், வா வா, உன்னைத்தான் தெரியுமே என்று சிரிக்கின்றன. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் என்னைக் கட்டிக்கொண்ட உங்கள் தங்கையின் முழங்கால் ஆபரேஷன் புண் ஆறாமல் கிடந்தபோது நீங்கள் ஒன்று மாற்றி ஒன்றாக எத்தனை மருந்து அனுப்பினீர்கள்! ஒன்றுக்கும் அந்தப் பாழாய்ப்போன கிருமி மசியவில்லை. "கால எடுக்க வேண்டி வரலாம்" என்று டாக்டர் சொன்ன அன்று நீங்கள் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதீர்கள். நான் பார்த்தேன், பார்க்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். கடைசி மருந்து ஒன்று வேலை செய்ததால் இன்று அவள் இரண்டு காலோடு என்னைத் திட்டிக்கொண்டு நடமாடுகிறாள். மகள் கோபப்படுவது மருந்து மேல் இல்லை, மச்சான், மருந்து போய்ச் சேரும் இடத்தின் மேல். அதற்குத்தான் இந்தப் பொடி.

பொடி என்றால் ஒரே பொடி இல்லை, கலவை. அதன் பெயரைச் சொன்னாள், அது என் வாயில் நுழையவில்லை. விஷயம் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு பொடி மேல் வெயில் பட்டதும் அதற்குள்ளிருந்து எலெக்ட்ரான் துள்ளி எழும். எழுந்து, ஒரு வேலையும் செய்யாமல், உடனே பழைய இடத்தில் உட்கார்ந்துவிடும். எங்கள் ஹாஸ்டலில் பரிமாறுகிறவர்களில் இப்படி ஒருவர் இருந்தார். வாளியைத் தூக்குவார், உடனே கீழே வைப்பார். அவரிடம் வேலை வாங்க ஒரே வழி, தூக்கிய வாளியை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே இன்னொரு ஆளை நிறுத்துவது. அதே வழிதான் இங்கேயும். முதல் பொடியோடு ஒட்டினாற்போல் இரண்டாவது பொடி. இது துள்ளும், அது பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து தண்ணீரில் இருக்கும் மருந்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போடும். மூன்றாவதாகக் கொஞ்சம் இரும்பும் சேர்த்திருக்கிறாள், வேலை முடிந்ததும் பொடியைக் காந்தத்தால் திரும்ப எடுத்துக்கொள்ள. இதைச் செய்து முடிக்க அவளுக்கு நான்கு வருஷம் ஆயிற்று. அந்த நான்கு வருஷமும் எங்கள் வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் பயமாகத்தான் இருந்தது.

இன்றைக்கு என்ன விசேஷம் என்றால், உங்கள் தங்கைக்கு ஆபரேஷன் நடந்த அதே ஆஸ்பத்திரியில் கழிவு நீருக்குப் புதுத் தொட்டி கட்டுகிறார்கள். மகளுடைய முறையை அதில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்ல இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிப் பொறியாளர், இன்னொருவர் தண்ணீர்ப் பரிசோதனையில் பெரிய ஆள் என்று சொல்லப்படும் ஒரு பேராசிரியை. போன தடவை ஆய்வுக்கூடத்தில் விளக்கு வைத்துச் செய்து காட்டினாள். "விளக்குல எல்லாம் அழகாத்தான் இருக்கும். என் தொட்டி மேல அடிக்கப்போறது வெயில்மா" என்று பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தடையில்லாமல் வெயில் விழும் மாடி நம் வீட்டு மாடிதான். ஆக இன்று இங்கே பரீட்சை. இன்று அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் தொட்டியை வழக்கமான முறையில் பூசி மூடிவிடுவார்கள், அவளுடைய நான்கு வருஷம் கனமான அட்டை போட்ட ஆய்வேட்டுக்குள் படுத்துத் தூங்கும். காலையில் அவள் வாரி முடித்த தலையைக் கலைத்துக் கலைத்து மறுபடி வாரியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தேன்.

இப்போது கேளுங்கள், நம் பெண்ணின் கவனக்குறைவை. மூன்று தட்டு வைத்தாள் அல்லவா? நடுத்தட்டில் இரண்டு ஸ்பூன் பொடி, வெயிலில் திறந்து கிடக்கிறது. இடது ஓரத் தட்டில் இரண்டு ஸ்பூன் பொடி, ஆனால் வெளிச்சம் படாமல் மேலே தகட்டுக் காகிதம் போட்டு இறுக்கி, "அப்பா, இதைத் திறக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். வலது ஓரத் தட்டில் வெறும் மஞ்சள் தண்ணீர். பொடியே இல்லை! பதற்றத்தில் மறந்துவிட்டாள் பாவம். பொடிப் பாட்டிலும் பிளாஸ்டிக் ஸ்பூனும் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக மேசையிலேயே இருந்தன. வரிசையில் ஒரு தட்டு காலியாக இருந்தால் என் கண் அங்கேயேதான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமாக என் கூடத்தில் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவன் சாப்பிட்டது கிடையாது. எவ்வளவோ பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எழுந்து போய் அந்தத் தட்டுக்கும் ஒரு ஸ்பூன் பொடி பரிமாறி, பதமாகக் கலக்கிவிட்டேன். மற்றதற்கு இரண்டு போட்டிருந்தாலும் நான் ஒன்றுதான் போட்டேன். அவளுடைய சாமான், நாம் தாராளம் காட்டக் கூடாது. பிறகுதான் மனசு நிம்மதியாயிற்று. போன் செய்து சொல்லவில்லை. வெற்றியோடு திரும்பும்போது, "ஒண்ணு மறந்துட்ட, நான் சமாளிச்சுட்டேன்" என்று மெதுவாகச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

நடுவில் கீழே மணி அடித்தது. தண்ணீர்க் கேன்காரர். உங்கள் தங்கை துணி உலர்த்த மாடிக்கு வந்திருந்தாள். "போங்க, நான் பாத்துக்கறேன். காக்காகூட என்னைப் பாத்தா வராது" என்றாள். கேன்காரரோடு காலிக் கேன் விஷயமாகச் சின்ன வாக்குவாதம் முடித்துவிட்டு மேலே வந்தால், நடுத்தட்டும் நான் பரிமாறிய ஓரத்தட்டும் போட்டி போட்டுக்கொண்டு வெளுத்துக்கொண்டிருந்தன. ஒரு ஸ்பூனுக்கே இந்த வேகம்! உங்கள் தங்கையிடம் காட்டினேன். "உங்க கைராசி" என்றாள். அவள் என்னைப் புகழ்வது அபூர்வம் என்பதால் தனியாகக் குறிப்பிடுகிறேன். இருங்கள், போன் அடிக்கிறது.

மச்சான், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும். பேசியது மகள்தான். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

"அப்பா, ரெண்டு பேரும் வந்துட்டாங்க. ஆஸ்பத்திரித் தொட்டியைப் பாத்துட்டு அங்கதான் வரோம். தட்டெல்லாம் எப்படி இருக்கு?"

"பிரமாதம்மா. வெளுத்துக்கிட்டே வருது."

"நடுத்தட்டு வெளுக்கும். ஓரத்துல பொடி போடாத தட்டு?"

நான் எட்டி அந்தத் தட்டைப் பார்த்தேன்.

"அது மஞ்சளாவே இருக்கணும்பா. வெயிலுக்குக் கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். அந்தத் தட்டுதான் எனக்கு உயிர். அதுவும் வெளுத்துட்டா, வெயிலே மருந்த உடைச்சிடுது, உன் பொடி எதுக்குன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. மஞ்சளா இருக்குல்ல?"

"தட்டு இருக்கும்மா" என்றேன்.

"தட்டு இருக்குன்னா?"

"பத்திரமா இருக்கு."

போனை வைத்துவிட்டாள். மச்சான், மறந்துபோய் விட்ட தட்டு இல்லையாம் அது, வேண்டுமென்றே விட்ட தட்டாம். மூடி வைத்த தட்டில் மட்டும் எழுதி ஒட்டத் தெரிந்தவளுக்கு இதிலும் "அப்பா, பரிமாறக் கூடாது" என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? நான் பெற்றவள்தானே, என் குணம் தெரிய வேண்டாமா? இப்போது அந்தத் தட்டைப் பார்க்கிறேன், தெளிந்து வெறும் தண்ணீராக நிற்கிறது. பொடி மட்டும் அடியில் படிந்து கிடக்கிறது. போன் செய்து சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். தொட்டிக் கரையில் அந்தப் பொறியாளர் பக்கத்தில் நிற்கும்போது அவள் காதில் இதை எப்படிப் போடுவது? எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, கேட்டு, முகம் வெளுத்துப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் திட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை. "அந்தப் பொடிய முதல்ல வெளிய எடுங்க" என்றாள். பரணில் கிடந்த பழைய ரேடியோவை உடைத்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தண்ணீருக்குள் விட்டேன். அடடா, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! பொடி அத்தனையும் தாடி மாதிரி காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நம் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அந்த நேரத்திலும் எனக்குப் பூரிப்பாக இருந்தது. ஆனால் பொடி போனாலும் போன மஞ்சள் திரும்ப வரவில்லையே. மேசைக்கு அடியில் அவள் மிச்சம் வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். உங்கள் தங்கையும் அதைப் பார்த்தாள். "ஊத்திடுங்க" என்றாள் மெதுவாக. "யாருக்குத் தெரியப்போகுது? அவ எப்பவும் மஞ்சளாத்தான இருக்கணும்னு சொன்னா?" நான் ஒரு நாளும் அளவில் பொய் சொன்னவன் இல்லை, மச்சான். ஆனால் காலையில் கண்ணாடியில் பார்த்த அந்த முகம் கண் முன்னால் வந்தது. தெளிந்த தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றினேன். பாட்டிலைத் திறந்து தட்டு நிறைய மஞ்சளை ஊற்றிவிட்டேன். ஊற்றியதிலிருந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை அதிலிருந்து எடுக்கத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். கீழே கதவு திறக்கும் சத்தம். வந்துவிட்டார்கள்.

பேனாவை வைத்தது அந்த இடத்தில். இப்போது சாயங்காலம், கூடத்தில் உட்கார்ந்து தொடர்கிறேன்.

முதலில் பொறியாளர் ஏறி வந்தார். பின்னால் பேராசிரியை, கடைசியாக மகள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டுகளைத்தான் பார்த்தாள். பொறியாளர் நடுத்தட்டைப் பார்த்தார், ஓரத்தட்டைப் பார்த்தார், மறுபடி நடுத்தட்டைப் பார்த்தார். ஒன்று பளிங்கு, ஒன்று பளிச்சென்று மஞ்சள். மூடிய தட்டின் காகிதத்தைப் பிரித்தால் அதுவும் மஞ்சள்தான். "பொடி இருந்தும் வெயில் இல்லன்னா வேலை நடக்கல. வெயில் இருந்தும் பொடி இல்லன்னா நடக்கல. ரெண்டும் சேந்தாத்தான் நடக்குது. சரியா?" என்று அவரே விளக்கம் சொல்லி அவரே தலையாட்டிக்கொண்டார். "இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நான் நெனைக்கல. எங்க அந்தத் தாள், குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்." பேனா மூடியைக் கழற்றிவிட்டார். உங்கள் தங்கை என் கையைப் பிடித்து இறுக்கினாள். மச்சான், அந்த ஒரு நிமிஷம் போதும், எழுந்து போய்விடுவார்கள், எல்லாம் முடிந்துவிடும் என்று நான் காத்து நின்றேன்.

மகள் அசையவில்லை. ஓரத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அதன் விளிம்பை விரலால் தொட்டாள். வெயிலில் கிடந்த நடுத்தட்டில் தண்ணீர் ஓரம் தெரியக் கொஞ்சம் வற்றியிருந்தது. அதே வெயிலில் கிடந்த இந்தத் தட்டு மட்டும் தளும்பத் தளும்ப நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், இல்லை. என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குத் தொட்டி கிடைத்துவிடும். யாரும் கேட்கப்போவதில்லை.

"சார், கையெழுத்துப் போடாதீங்க" என்றாள். "இந்தத் தட்டை நம்ப முடியாது. எங்கயோ தப்பு நடந்திருக்கு. என் தப்புதான், சரியா ஏற்பாடு பண்ணல."

என் தப்புதான் என்றாளே, அதோடு நான் முன்னால் வந்துவிட்டேன். "அவ இல்ல சார், நான்தான்" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். காலித் தட்டு, ஹாஸ்டல் பந்தி, ஸ்பூன், காந்தம், பாட்டில் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொறியாளருக்கு முகம் சிவந்துபோயிற்று. "இது என்ன சார் விளையாட்டு? வேலை வெட்டிய விட்டுட்டு வெயில்ல ஏறி வந்தா, வீட்டுல குடும்பமே சேந்து தண்ணி மாத்தி வெக்கிறீங்க!" என்று பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத பேராசிரியை, "அந்தப் பழைய தண்ணிய என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். பக்கெட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். "பொடி எதுல?" காந்தத்தைக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொறியாளர் கையில் கொடுத்தார். "பொடி கால்வாய்ல போய்ச் சேந்தா யார் பொறுப்புன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. இந்தாங்க, உடைஞ்ச ரேடியோ காந்தத்தாலயே அத்தனையும் எடுத்திருக்கார்."

பிறகு என்னிடம் திரும்பினார். "எவ்வளவு பொடி போட்டீங்க?"

"ஒரே ஒரு ஸ்பூன் மேடம்."

"மத்த தட்டுல ரெண்டு. நல்லா ஞாபகம் இருக்கா?"

"முப்பது வருஷம் அளந்து போட்ட கை மேடம். ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். பொறியாளரும் திரும்பிப் பார்த்தார். பாதிப் பொடியில் அதே நேரத்தில் அதே அளவு வெளுத்திருக்கிறது என்றால் தொட்டிக்குத் தேவையான பொடி பாதியாகிவிடுமாம். இந்த நான்கு வருஷத்தில் அவள் எட்டாத இடமாம் அது. "நிறம் போனது போதாது, மருந்து போச்சான்னு கருவிதான் சொல்லணும். இருந்தாலும் இதை விடக் கூடாது" என்றார் பேராசிரியை. மூவரும் என்னை மறந்துவிட்டுப் பக்கெட்டைச் சுற்றி நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் தங்கையும் ஏதாவது பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசாமல், கொடியில் கிடந்த துணியைக் காயாததோடு சேர்த்து அள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

முடிவு இதுதான். அடுத்த வாரம் இதே மாடியில் மறுபடி பரீட்சை. இந்தத் தடவை நான்கு தட்டு. நான்காவதில் ஒரே ஒரு ஸ்பூன். தொட்டியைப் பூசும் வேலையை அதுவரை நிறுத்தி வைப்பதாகப் பொறியாளர் சொல்லிவிட்டார். படியிறங்கும்போது திரும்பி, "அன்னைக்கு இவர் மாடியில இருக்கக் கூடாது" என்று என்னைக் காட்டினார். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அவர்கள் போன பிறகு மகளும் நானும் தட்டுகளைக் கழுவினோம். "திட்டிடும்மா, மனசுல வெச்சுக்காத" என்றேன். அவள் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். "நாலு வருஷமா நான் பண்ணாத தட்டு இல்ல. இதுவரைக்கும் ஒருத்தரும் அந்தத் தட்டப் பாத்துப் பாவப்பட்டதில்லப்பா. ஒரு தட்டு பட்டினி கெடந்தாத்தான் இன்னொண்ணு சாப்பிட்டது தெரியும், அதுக்குத்தான் அதைக் காலியா வெக்கிறது." புரிந்துகொண்டேன், மச்சான். இந்த வயதில் புரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள். பிறகு அவள் ஒரு ஸ்பூன் பொடியை நிறுத்துப் பார்த்து, கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பாட்டு முணுமுணுப்பது எனக்கு இங்கே கேட்கிறது. அவள் பாடியே ரொம்ப நாளாயிற்று.

ஆகவே இந்தக் கடிதத்தின் மூலம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் கடையை ஒரு நாள் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்து மாடிக் காவலுக்கு உட்கார வேண்டும். நான் கீழே கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். உங்களுக்கு யாரையும் பார்த்துப் பாவப்படும் வழக்கம் இல்லை என்பதால் இந்த வேலைக்கு நீங்கள்தான் பொருத்தம். கடையில் காலாவதியான மாத்திரைகள் இருந்தால் தயவுசெய்து கழிப்பறையில் கொட்டாமல் மகளிடம் கொண்டுவந்து கொடுக்கவும். அக்காவுக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல், வந்தாலும் மருந்துக்குக் கட்டுப்படும் நோயாகவே வந்து, நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
இனிமேல் எந்தத் தட்டுக்கும் பரிமாறாத,
உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் எல்லாக் கடிதத்தையும் உங்கள் தங்கை ஒரு தடவை படிப்பாள். இதையும் படித்தாள். கேன்காரர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் பக்கத்தைத் திருப்பவில்லை. "என்ன?" என்றேன்.

"நீங்க கீழ போனப்போ நான் தட்டெல்லாம் பாத்தேன். நடுத்தட்டுல பொடி நெறைய கெடக்கு, ஓரத்துல மட்டும் கொஞ்சமா இருந்துச்சு. உங்க கஞ்சக் கைதான்னு நெனச்சு..."

"நெனச்சு?"

"நானும் ஒரு ஸ்பூன் போட்டேன்."

ஒன்றும் ஒன்றும் இரண்டு, மச்சான். அந்தத் தட்டுக்கும் மற்றவற்றின் அளவே விழுந்திருக்கிறது. பாதிப் பொடியும் இல்லை, அதிசயமும் இல்லை. "அப்பவே மாடியில சொல்லியிருக்கலாமே" என்றேன். "அவ முகம் அப்படி மலர்ந்தத நான் பாத்து எத்தனை நாள் ஆச்சு? எப்படிச் சொல்லுவேன்?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மேலே எழுதியதில் ஒரு ஸ்பூன் என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பேராசிரியையிடம் நாளைக் காலையில் நானே போய்ச் சொல்லிக்கொள்வேன். மகளிடம்தான் எப்படி என்று தெரியாமல் கூடத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பாட்டு நின்றுவிட்டது. அறைக் கதவு திறக்கிறது. பாட்டிலும் ஸ்பூனும் கையில் வைத்துக்கொண்டு மகள் நிற்கிறாள். "அப்பா, அந்த ஒரு ஸ்பூன எப்படிப் போட்டீங்க, தலை தட்டியா, குவிச்சா? ஒரே ஒரு தடவை வந்து போட்டுக் காட்டுங்களேன்" என்கிறாள். போகிறோம், மச்சான். உங்கள் தங்கை என்னை முன்னால் தள்ளுகிறாள்.